முதல் போனிலேயே கேளுங்கள்



2021-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்துச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் பெண்ணைக் காணோம் என்று புகார் கொடுக்க, பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்படவில்லை. இவர்களுடைய வாழ்க்கையைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை, முதலில் தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதினார். உளவியலாளர் வித்யா தினகரனிடம் நேரம் கேட்டு வாங்கி, கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் ஜூன் 7 அன்று அந்த விரிவான உத்தரவு வந்தது. ஒருவருடைய பாலீர்ப்பையோ, திருநர் ஒருவருடைய பாலின அடையாளத்தையோ சிகிச்சை கொடுத்து மாற்றுகிறேன் என்று யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் உரிமத்தையே பறிக்கலாம் என்றது அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்து, மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது.

தீர்ப்பைவிட, தீர்ப்புக்கு முன் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் முதலில் படித்துவிட்டு வர வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அது கௌரவக் குறைவாக இல்லை. ஆனால் கவுன்சிலிங் அறைகள் பலவற்றில் இன்னும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. திருநங்கையோ திருநம்பியோ, இந்த இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ள விரும்பாதவரோ, மனம் ஒடிந்துபோய் ஓர் ஆலோசகரிடம் போகிறார். ஆலோசகருக்குப் பாடம் நடத்துவதிலேயே அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. காசும் இவருடையது, உழைப்பும் இவருடையது.

எதிர்ப்பட்டதும் விரட்டுகிறவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். நல்லவராகவே இருந்து, ஒன்றும் தெரியாமல் இருப்பவரிடம்தான் சிக்கல். அலுவலகத்தில் மேலதிகாரி படுத்தும் பாட்டைச் சொல்லப் போனால், 'உங்களுக்கு எந்த வயசுல தெரிஞ்சுது?' என்று ஆரம்பிப்பார். அம்மா இறந்த துக்கத்தைச் சொன்னால், அதற்கும் பாலினத்துக்கும் முடிச்சுப் போடுவார். திருநருக்கும் தூக்கம் வராமல் போகும், காதல் முறியும், தேர்வு பயம் வரும். எல்லோரையும்போல அதைப் பேசத்தான் அவர் வந்திருக்கிறார்.

'லெட்டர்' என்ற சங்கடமும் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சைக்கோ அறுவை சிகிச்சைக்கோ போகிறவரிடம் மனநல மருத்துவரின் கடிதம் கேட்கப்படுகிறது. அதனால் கேட்டுக்கொள்ள வேண்டியவர், அனுமதி கொடுப்பவராக மாறிவிடுகிறார். எதிரில் இருப்பவர் மனத்தைத் திறப்பதற்குப் பதிலாகத் தேர்வு எழுதுகிறார். சின்ன வயதிலிருந்தே சந்தேகமே இல்லாமல் இருந்ததாக ஒப்பிக்கிறார்; பயத்தையும் குழப்பத்தையும் மறைத்துவிடுகிறார், சொன்னால் கடிதம் கிடைக்காது என்று. பேச வேண்டியதே அந்தப் பயமும் குழப்பமும்தானே! உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் டபிள்யூபாத் வழிகாட்டு நெறிகளின் எட்டாம் பதிப்பு 2022-இல் வந்தபோது, சில அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டு கடிதம் வேண்டும் என்றிருந்ததை ஒன்றாகக் குறைத்தார்கள். முடிந்தால் கடிதம் தருபவர் ஒருவராகவும், மனம்விட்டுப் பேச இன்னொருவராகவும் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், 'நான் குழப்பத்தைச் சொன்னால் கடிதத்தைப் பாதிக்குமா?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

கேட்பது என்றதும் பலருக்குத் தயக்கம். டாக்டரிடம் கேள்வி கேட்டு நமக்குப் பழக்கமில்லை. இருந்தாலும், நேரம் வாங்கப் பேசும் அந்த முதல் போனிலேயே கேட்கலாம். திருநரோடு வேலை செய்திருக்கிறீர்களா? இதற்கென்று பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? (மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் 2019 முதல் ஆலோசகர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தருகிறது, முடித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.) வரவேற்பில் இருப்பவர் நான் சொல்லும் பெயரில்தான் என்னைக் கூப்பிடுவாரா? ரசீதில் எந்தப் பெயர் வரும்? வீட்டிலிருந்து யாராவது போன் செய்தால் என்ன சொல்வீர்கள்? கட்டணம் குறைக்க வழியுண்டா? எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவரை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 'தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்கிறவரையும் தள்ளிவிடாதீர்கள்; அந்த நீதிபதியும் அப்படித்தான் ஆரம்பித்தார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் கேட்பதும் தவறில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பாலினத்தையோ பாலீர்ப்பையோ காட்டி மனநலச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருக்கவும் அது கட்டாயப்படுத்துகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. இன்னும் 'வியாதி' என்று பேசுகிறவர் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

எங்கே தேடுவது? சென்னையில் 2003-இல் தொடங்கிய ஓரினம் என்ற தன்னார்வக் குழு, திருநரை மதித்து நடத்தும் ஆலோசகர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. திருநரோடு வேலை செய்யும் சகோதரன், சாத்தி அமைப்புகளிலும் விசாரிக்கலாம். பணம் இல்லையென்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் போகலாம். திருநருக்கான தனிப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். திருநங்கைகள் குடும்பம்போலக் கூடி வாழும் ஜமாத்தில் இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டால், எந்த டாக்டர் மரியாதையாகப் பேசுவார், யார் முகம் சுளிப்பார் என்று எந்தப் பட்டியலிலும் இல்லாத தகவல் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ காலில் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதற்கும் இடம் வேண்டும். மொட்டை மாடியிலிருந்தோ பூங்காவிலிருந்தோ பேசுவேன் என்று ஆலோசகரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். அதுவரை தாங்காது என்று தோன்றும் இரவுகளும் வரும். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில்தான், பார்க் வியூ சாலையில் இருக்கிறது. எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் தன்னார்வலர்கள். சிகிச்சை தர மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள், பொறுமையாகக் கேட்பார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பிள்ளையை ஆலோசகரிடம் 'காட்ட'க் கூட்டிப்போகும்போது, உங்களுக்கும் தனியாக ஒரு நேரம் வாங்குங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற உங்கள் பயமும் துக்கமும் உண்மையானவை. அவற்றைச் சுமக்க வேண்டியவர் உங்கள் பிள்ளை அல்ல.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மனநல மருத்துவர்களே, ஆலோசகர்களே, திருநரோடு வேலை செய்ய நீங்கள் எங்கே, என்ன கற்றீர்கள், எந்த ஊரில் பார்க்கிறீர்கள், கட்டணம் என்ன என்று எங்களுக்கு எழுதுங்கள். பொறுப்பான அமைப்புகளைக் கொண்டு சரிபார்த்து இதழில் வெளியிடுகிறோம். திருநெல்வேலி, தருமபுரி, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்