கோட்டைக்குப் பலகை, வீட்டுக்குக் கடப்பாரையா?

நாமக்கல் மலைக்கோட்டைக்கு மத்திய தொல்லியல் துறை நீலப்பலகை வெச்சிருக்கு. சங்ககிரிக் கோட்டைக்கும் அப்படித்தான். சந்தோசம். ஆனா கோட்டையில ராஜா இருந்த காலத்துல ஜனங்க குடியிருந்த வீட்டுக்கு எங்கயாவது பலகை இருக்கா? நம்ம பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடு ஒவ்வொண்ணா விழுந்துட்டு இருக்கு. தூணும் கதவும் யாவாரிக்குப் போகுது, காரைச்சுவர் ரோட்டுக்கு மண்ணாப் போகுது. கேக்க நாதியில்ல.

1958-ம் வருசத்து நினைவுச்சின்னச் சட்டத்துல வயசுக்கு நூறு வருசம்னுதான் சொல்லியிருக்கு. சரித்திரமோ கலையோ அதுல இருக்கணும். ராஜா கட்டினதா இருக்கணும்னு எங்கயும் இல்லைங்க. அப்புறம் ஏன் அதிகாரிங்க கண்ணுக்குக் கோட்டையும் கோயிலும் மட்டும் தெரியுது?

முடியாதுன்னு சொல்றவங்க தரங்கம்பாடி போய்ப் பாருங்க. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல டென்மார்க்காரன் வந்து கோட்டை கட்டினான், ஊரைச் சுத்தியும் மதில் போட்டான். 1845-ல வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். அங்க கவர்னர் பங்களாவைச் சரி பண்ண டென்மார்க் தேசிய அருங்காட்சியகமே வந்து கை கொடுத்துச்சு. அது பெரிய இடம், விடுங்க. சுனாமிக்கு அப்புறம் அதே ஊர்ல பொற்கொல்லர் தெருவுல திண்ணை வெச்ச சாதாரண ஓட்டு வீடுங்களையும் இன்டாக் அமைப்பு எடுத்துப் பழைய மாதிரியே சரி பண்ணுச்சு. அங்க ஆனது இங்க ஏன் ஆகாது?

"உனக்கென்னப்பா, ஓடு ஒழுகுது, தேள் வருது, வாசல் கூட்டவே ஆள் வேணும்"னு சொல்றாங்க. நெசந்தான். ஓடு மாத்த ஆள் கிடைக்கல, சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுக் காரை அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கல. அதனாலதான் இடிக்கிறாங்க, ஆசைப்பட்டு இல்ல. சித்திரை வெயில்ல கான்கிரீட் வீட்டுக்குள்ள வேகிறவங்களுக்கு அந்தத் தொட்டிக்கட்டோட அருமை தெரியும்.

அதனால சட்டம்னு சொல்லிக்கிட்டு வெறும் தடையைக் கொண்டுவராதீங்க. 2010 திருத்தத்துக்கு அப்புறம் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா கட்டக்கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். இதையே ஊருக்குள்ள ஒரு வீட்டுக்குப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் கக்கூஸ் கட்டக்கூட மனு எழுதிக்கிட்டு அலையணும். பலகை வர்றதுக்கு முந்தின ராத்திரியே வீட்டை இடிச்சுருவான்.

குடிசையை மாத்த கலைஞர் கனவு இல்லத்துல மூணரை லட்சம் கொடுக்கிறாங்க. நல்ல திட்டம். அதே மாதிரி நூறு வருசம் தாண்டின வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு ஓட்டுக்கும் மரத்துக்கும் கொத்தனார் கூலிக்கும் ஒரு தொகை கொடுங்க. அதுக்குப் பதிலா பத்து வருசத்துக்கு இடிக்க மாட்டேன், தூணை விக்க மாட்டேன்னு எழுதி வாங்குங்க. வயசான கொத்தனாரும் ஆசாரியும் இருக்கிறப்பவே நாலு பசங்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்க வழி பண்ணுங்க. ஆள் குடியிருந்தாத்தான் வீடு நிக்கும். பூட்டி வெச்சுப் பலகை மாட்டினா கரையான்தான் குடியேறும்.

கோட்டைச்சுவர் ராஜா யாருக்குப் பயந்தான்னு சொல்லும். ஜனங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு வீடுதான் சொல்லும். அடுத்த கிராமசபையில உங்க ஊர்ல எத்தனை தொட்டிக்கட்டு வீடு மிச்சம் இருக்குன்னு கணக்கெடுத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்க. நானும் எங்க ஊர்ல கேக்கப் போறேன்.