பங்குனிப் பித்து

2025 மார்ச்சில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். அவள் இருக்கும் நார்த் கரோலைனாவில் அப்போது பகல். குரலில் கோபம் இல்லை. கோபம் தீர்ந்துபோன பிறகு வரும் ஒரு நிதானம் இருந்தது.

"நீயே அவகிட்ட பேசு. ஒண்ணு, காலேஜ் பசங்க பந்து போடறதைப் பார்த்துக்கிட்டிருக்கா. இல்லேன்னா எப்பவோ செத்துப்போன ஒரு பாட்டுக்காரியைப் பத்திப் படம் எடுத்துக்கிட்டிருக்கா. நடுவுல கணக்குப் பரீட்சை வருதே, அது அந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

'அவள்' அக்காவின் மகள். பதினாறு வயது. கூடைப்பந்தைத் தன் கையால் ஒரு முறைகூட உருப்படியாகக் கூடைக்குள் போட்டதில்லை என்று அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் எந்தக் கல்லூரி அணியில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த ஊரில் இது பெரிய அதிசயமும் இல்லை. டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி சேப்பல் ஹில்லில் மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டின் கூடைப்பந்து அணிகளுக்கும் நடுவே இருக்கும் பகையில் குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அக்கா வீட்டிலும் அப்படித்தான். மாமா சேப்பல் ஹில், மகள் டியூக். அக்கா கணக்குப் பரீட்சை.

ஆண்டுதோறும் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மார்ச் மேட்னஸ்'. இலினாய் மாநிலத்தில் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்திய ஹென்றி போர்ட்டர் என்பவர் 1939ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சொல் அது. மொழிபெயர்த்துப் பிழைப்பவள் என்பதால் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். 'மார்ச் பைத்தியம்' என்றால் ஆஸ்பத்திரி வாசனை வருகிறது. காலண்டரைப் பார்த்தேன். போட்டி நடக்கும் நாட்கள் கிட்டத்தட்ட முழுசாகப் பங்குனிக்குள் அடங்குகின்றன. பங்குனிப் பித்து! அக்கா மகளிடம் சொன்னதும் ரொம்பப் பிடித்துவிட்டது. பித்து என்றால் என்ன என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

68 அணிகள். ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் கட்டத்தில் 4 அணிகள் கழிந்த பிறகு மிஞ்சும் 64 அணிகளின் 63 ஆட்டங்களிலும் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே ஒரு தாளில் நிரப்பி வைப்பார்கள். அலுவலகத்தில், சலூனில், பள்ளியில் எல்லா இடத்திலும் இந்தத் தாள் சுற்றும். குருட்டாம்போக்கில் நிரப்பினால் மொத்தமும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 9,223,372,036,854,775,808ல் ஒன்று. இதை அவள் 63 முறை இரண்டால் பெருக்கிக் கண்டுபிடித்தாளாம். கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு விஷயம் எனக்கும் புதிது. பெண்களுக்கான தேசியப் போட்டி 1982லிருந்து நடக்கிறது. ஆனால் இந்த மார்ச் மேட்னஸ் என்ற பெயரைப் பயன்படுத்திக்கொள்ள பெண்கள் போட்டிக்கு 2022ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் எப்படி? 2021ல் ஓரிகன் பல்கலைக்கழக ஆட்டக்காரி ஒருவர் ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டார். ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறைய உடற்பயிற்சிச் சாதனங்கள். பெண்களுக்கு ஒரே ஒரு அடுக்கில் சில இரும்புக் குண்டுகள். நாடு முழுக்கச் சிரித்தது, பிறகு விசாரணை, பிறகு பெயர். 2024ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் டி.வி.யில் பார்த்தவர்கள் 1.8 கோடிக்கும் மேல். ஆண்கள் இறுதி ஆட்டத்தை 1.5 கோடிக்கும் குறைவு. பித்துக்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்திருக்கிறது.

இனி அந்தப் படம்.

'நேஷனல் ஹிஸ்டரி டே' என்று ஒரு போட்டி. 1974ல் கிளீவ்லாந்தில் ஒரு சரித்திரப் பேராசிரியர் ஆரம்பித்தது; இன்று ஆண்டுக்கு 5 லட்சம் மாணவர்களுக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். கட்டுரை எழுதலாம், நாடகம் போடலாம், ஆவணப்படம் எடுக்கலாம். படம் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, பின்னணிக் குரல், படத்தொகுப்பு எல்லாம் மாணவர்களுடையதாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று பட்டியல் தர வேண்டும். 2025க்கான கருப்பொருள், வரலாற்றில் உரிமைகளும் பொறுப்புகளும்.

அவள் முதலில் எடுக்க நினைத்தது பாட்டைப் பற்றி இல்லை, கூடைப்பந்தைப் பற்றித்தான். அவள் ஊரிலேயே நடந்த ஓர் ஆட்டம். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்க சர்ச்சில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி, ஜாக்கெட்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, டர்ஹமிலேயே இருந்த கறுப்பர் கல்லூரி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தது. உள்ளே போனதும் கதவைப் பூட்டினார்கள். இரு நிறத்தாரும் சேர்ந்து ஆடுவது அந்த ஊரில் நடக்காத காரியம். தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆட்டம் நடந்தது. கறுப்பர் அணி 88–44 என்று ஜெயித்தது. அதோடு முடியவில்லை. இரண்டு அணிகளையும் கலந்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து இன்னொரு ஆட்டம் போட்டார்கள். கறுப்பர் அணியின் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர்.

உள்ளூர்க் கறுப்பர் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்கு இது தெரியும். எழுதவில்லை. எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1996ல், ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கையில் இருந்த அவ்வளவு பெரிய செய்தியை விழுங்கிய அந்த நிருபரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் தொழிலில் அதைத் தவறு என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் ஆவணப்படம் எடுக்க வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய சிக்கல். "கதவைப் பூட்டிட்டாங்க சித்தி. கேமரா இல்லை, சத்தம் இல்லை. பத்து நிமிஷம் நான் எதைக் காட்டறது?"

அதனால் கதவு பூட்டப்பட்டதால் வெளியே நடந்த ஒன்றைத் தேடிப் போனாள். அதுதான் மேரியன் ஆண்டர்சன்.

ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பினப் பாடகி. ஐரோப்பா முழுவதும் பாடிக் கொண்டாடப்பட்டவர். 1936லேயே வெள்ளை மாளிகையில் பாடியவர். 1939ல் தலைநகர் வாஷிங்டனில் அவர் கச்சேரிக்கு ஹோவர்ட் பல்கலைக்கழகம் 'கான்ஸ்டிட்யூஷன் ஹால்' என்ற பெரிய அரங்கைக் கேட்டது. அரங்கு, அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்ற பெண்கள் சங்கத்துக்குச் சொந்தம். அங்கே வெள்ளையர் மட்டுமே மேடை ஏறலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறுத்துவிட்டார்கள். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். அவர் தினமும் எழுதிவந்த பத்தியில் விலகலைப் பற்றி எழுதினார். எந்தச் சங்கம் என்று பெயர் சொல்லவில்லை. நாட்டுக்கே புரிந்தது. பத்தி எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை அவரிடம் படித்துக்கொள்ளலாம்.

பிறகு உள்துறை அமைச்சர் ஹெரால்ட் இக்கிஸ் லிங்கன் நினைவகத்தின் படிகளைத் திறந்துவிட்டார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு மாலை. குளிருக்கு ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றார் ஆண்டர்சன். எதிரே 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து. அதே நினைவகத்தை 1922ல் திறந்து வைத்த விழாவில் கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி உட்கார வைத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கச்சேரி வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பானது. செய்திப்படக் கேமராக்களும் இருந்தன. என் அக்கா மகளுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

அவள் கண்டுபிடித்த ஒரு பொருத்தமும் உண்டு. முதன்முதல் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம், ஓரிகன் ஒஹையோ ஸ்டேட்டை 46–33 என்று வென்றது, 1939 மார்ச் 27. கச்சேரிக்குப் பதிமூன்று நாள் முன்னால். ஒரே பங்குனி! இதைப் படத்தில் வைத்தாள். அடுத்து 2021 வீடியோவையும் வைத்தாள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "எனக்குப் பிடிச்சதுங்கறதால வச்சிருந்தேன்" என்றாள். நான் அவள் வயதில் எழுதிய கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது மட்டும்தான் இருக்கும்.

படம் மாநிலச் சுற்றோடு நின்றுவிட்டது. அதன் பிறகு என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். டெல்லியில் என்னோடு இருக்கும் அவள் பாட்டிக்காகப் படத்துக்குத் தமிழில் வசன வரிகள் வேண்டும். முன்பே செய்திருந்தால் வெளியார் உதவி என்று போட்டியில் தகராறு வரும், அதனால் காத்திருந்தாளாம்.

எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது, ஓர் இடத்தைத் தவிர. ஆண்டர்சன் முதலில் பாடியது நாட்டுப்பற்றுப் பாடல். அதில் 'நான்' என்று வரவேண்டிய இடத்தில் அவர் பன்மையில் பாடினார். அந்த ஒரு சொல்லின் மேல் என் அக்கா மகள் முப்பது விநாடி நிற்கிறாள். ஆங்கிலத்தில் பன்மை ஒன்றுதான். தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று எம்.ஏ. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது, முதல் தடவையாகக் கழுத்தைப் பிடித்தது. 'பாடுகிறோம்' என்று எழுவாயை முழுங்கிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் 'நான்' போய் எது வந்தது என்பதுதானே விஷயம்?

நான் 'நாங்கள்' என்று போட்டேன். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரல். அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு, எதற்கும் அவளைக் கேட்டேன். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலரைப் போல அவளுக்கும் எப்போதும் 'நாங்க'தான். போன தடவை வந்தபோது பாட்டியிடம் "நாங்க சாப்பிடப் போலாமா?" என்று கேட்டு, "போங்களேன், நான் அப்புறம் சாப்பிடறேன்" என்று பாட்டி சோபாவிலேயே உட்கார்ந்துவிட்ட கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். அதைச் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

"அங்க நின்னுக்கிட்டிருந்த வெள்ளைக்காரங்களையும் சேர்த்துதான் சித்தி."

"சரி. மண்டபம் தரமாட்டேன்னாங்களே, அவங்க?"

"அவங்க வீட்டுல ரேடியோ இருந்திருக்கும் இல்ல?"

'நாம்' என்று மாற்றினேன். இப்போதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை; ஆனால் படம் அவளுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அந்தப் பக்கம் போனில் அக்கா, மாமா, அவள் எல்லாரும். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிகளை வாய்விட்டுப் படித்தாள். முடிந்ததும், "அந்த மண்டபத்துக்காரங்க அப்புறம் என்னிக்காவது கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"கூப்பிட்டாங்க பாட்டி. 1943ல. போர் நிவாரண நிதிக்காக."

"போனாளா?"

"போய்ப் பாடினாங்க."

"இதை ஏன்டி படத்துல போடலை?"

"பத்து நிமிஷம்தான் பாட்டி."

அம்மா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அவ கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கற இடத்தை இன்னொரு தடவை போடு" என்றாள்.