குடியிலாக் குடிகள்

தமிழில் 'குடி' என்னும் சொல் மிகப் பழையது. வீடும் குடி, அவ்வீட்டிற் பிறந்த வழிமுறையும் குடி, ஓர் ஊரில் நிலைத்து வாழ்வோரும் குடி, அரசினால் ஆளப்படுவோரும் குடி. குடியிருத்தல், குடிபுகுதல், குடிபெயர்தல் என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களெல்லாம் இவ்வொரு வேரினின்று கிளைத்தனவே. திருவள்ளுவர் 'குடிமை' என ஓர் அதிகாரமும், 'குடிசெயல்வகை' எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தனர். இச்சொல்லின் பொருள்களை ஒருங்குவைத்து நோக்கின், ஒருவன் எங்கே தங்கி, உழைத்து, மக்களைப் பெற்று வாழ்கின்றானோ அங்கே அவன் குடியாவான் என்பதே நம் மொழியின் தீர்ப்பு எனத் தோன்றுகின்றது. அரசாங்கங்களின் தீர்ப்போ அவ்வாறில்லை. ஒரு நாட்டிற் பிறந்து, அந்நாட்டு மண்ணில் உழைத்து, அம்மண்ணிலேயே புதைக்கப்பெற்றும், எந்நாட்டிற்கும் குடியாகாது மாய்ந்தவர் நம் தமிழ் மக்களுள் பல்லாயிரவர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனின்று நாம் கொள்ளத்தக்க முடிவு யாதெனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது கடல்கடந்த தேயத்துச் செய்தியன்றோ, கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிலும் மாணவர்க்கு இதனால் ஆவதென்னை எனச் சிலர் வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன்பின்னும் தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டினின்றும் ஏழை மக்கள் பிழைப்பு நாடிக் கடல் கடந்தனர். அவ்வாறு சென்றார்தம் வழித்தோன்றல்களுட் பலர் இன்று அகதிகளாய் இந்நாட்டில் வாழ்கின்றனர். கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் பெருவழியில் குறிஞ்சிப்பாடியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உளது. கடலூரினின்றோ சிதம்பரத்தினின்றோ அங்குச் சென்று மீள ஒரு பகற்பொழுதும் வேண்டா. ஆதலின் இது நம் வாயிற்படியிலே நிற்கும் வினாவாகும்.

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் முதலிற் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். 1869-க்குப் பின் பரவிய இலைநோயினாற் காப்பி அழியவே, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. காடு திருத்தவும், கன்று நடவும், கொழுந்து கொய்யவும் கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் சென்றனர். சென்றவர் லயங்களிலே குடும்பமாய்த் தங்கினர். அவர் மக்களும், மக்களின் மக்களும் அம்மலைகளிலேயே பிறந்தனர். இலங்கையின் செல்வம் பெரும்பாலும் இவர்தம் விரல்நுனியில் நின்றது எனின் அது மிகையாகாது.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இவர்களும் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே டி. எஸ். சேனநாயக்கா அவர்களின் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் ஆங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அதற்குச் சான்றும் காட்டவேண்டும் என்றது அச்சட்டம். பிறப்பினைப் பதிவு செய்தல் அருகியிருந்த காலத்தில், தோட்டத்து லயத்திற் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்ஙனம் கிடைக்கும்? 1949-இல் இயற்றப்பெற்ற பிறிதொரு சட்டத்தின்படி விண்ணப்பித்தோர் எட்டு இலக்கத்தினும் மிக்கோர். அதனாற் குடியுரிமை எய்தியோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே 1949-இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமையிலார் வாக்குரிமையும் இழந்தனர். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றும் 1953-இல் தீர்ப்பு இம்மக்களுக்குச் சார்பாக அமையவில்லை.

ஈண்டுக் கருதத்தக்கதொன்று உண்டு. அப்பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. அதற்குச் சரியாக இருபத்தைந்து நாட்கள் கழித்து, டிசம்பர் 10-ஆம் நாள், பாரிஸ் மாநகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் பேரவை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் பதினைந்தாம் பிரிவு, மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியாயிருக்கும் உரிமை உண்டு, அதனை எவரும் மனம்போனவாறு பறித்தலாகாது என விதித்தது. உலகம் அவ்விதியை எழுதிக்கொண்டிருந்த பொழுதே, ஒரு சிறு தீவில் ஏறத்தாழ முழுச் சமூகமே குடியிலாச் சமூகமாக்கப்பட்டது.

அச்சட்டத்தில் மற்றுமொரு குறையும் இருந்தது. மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழியே குடியுரிமை ஆராயப்பட்டது, தாய்வழி கருதப்படவில்லை. கொழுந்து கொய்தல் பெரும்பாலும் பெண்களின் தொழில். விடியலில் எழுந்து, முதுகிற் கூடை சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று அத்தீவின் செல்வத்தைப் பறித்துக் கொடுத்தவள் தாய். ஆயினும் அவள் அத்தீவிற் பிறந்தாள் என்னும் உண்மை அவள் மகனுக்கு யாதொரு பயனும் அளிக்கவில்லை. இலங்கைச் சட்டத்தில் தாய்வழியும் தந்தைவழியோடு ஒப்ப எண்ணப்படுதற்கு 2003-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. நம் இந்தியச் சட்டத்திலும் வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமை 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே வந்தது.

இனி 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை நோக்குவோம். அவ்வாண்டு அக்டோபர் 30-இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் கைச்சாத்திட்டனர். குடியிலார் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் நோக்குவதென்றும் முடிவு செய்தனர். 1974-இல் அவ்வெச்சமும் இரு கூறாக்கப்பட்டு, ஆளுக்கு 75,000 எனப் பகிரப்பட்டது. உடன்பிறந்தார் பாகம் பிரிக்குங்கால் மாடுகளையும் பாத்திரங்களையும் எண்ணிப் பிரிப்பர். அவற்றை 'உங்கள் விருப்பம் யாது?' என எவரும் கேளார். அவ்வாறே மனிதரை எண்ணிப் பிரித்தனர் இருநாட்டார். பிரிக்கப்பட்டோர் அவ்வுடன்படிக்கையில் ஒரு கட்சியாக அமர்த்தப்படவில்லை.

இந்தியாவின் பங்கில் விழுந்தோர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுக்கு அரசாங்கம் இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. திரும்புதலாவது முன்னர் இருந்த இடத்திற்கு மீள்தல். இலங்கையிற் பிறந்து, இந்தியாவைக் கண்ணாற் கண்டறியாத ஒருவன் எங்ஙனம் 'திரும்பியோன்' ஆவான்? அங்கே அவனை 'இந்தியன்' என்றனர். இங்கே நீலகிரியிற் குடியமர்ந்த பின்னர்ச் 'சிலோன்காரன்' என்றனர். 1984-இற் கப்பற் போக்குவரவு நின்றது. ஒப்பந்தமும் முற்றுப்பெறாது நின்றது. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர்ப் படகேறி வந்தாருள் வடகிழக்குத் தமிழரோடு மலையகத் தமிழரும் பலர் இருந்தனர்.

இலங்கை தன் பிழையைப் பின்னர் ஒருவாறு திருத்திக்கொண்டது என்பதையும் நடுவுநிலையோடு கூறல் வேண்டும். 1988-இலும் 2003-இலும் இயற்றப்பெற்ற சட்டங்களால், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் குடியுரிமை கிடைத்தது. பறித்த கை மீண்டும் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஆயின் நம் நாட்டு முகாம்களில் வாழ்வோர் நிலை இன்னும் முடிவுறவில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் இம்மக்கட்கு உறைவிடமும் அரிசியும் உதவித்தொகையும் கல்வியும் அளித்து வருகின்றது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயினும் கருணை வேறு, உரிமை வேறு. கருணை கொடுப்பவன் உளத்தைச் சார்ந்தது. உரிமை பெறுவோன் பிறப்பைச் சார்ந்தது. முகாமிற் பிறந்து, நம்மோடொத்த பாடநூல்களைப் பயின்று, நம்மோடொத்த தமிழைப் பேசி வளர்ந்த இளைஞன் வாக்களிக்க இயலான். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற இயலான்.

சட்டத்தின் கோடு எவ்வளவு நுண்ணியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்னர் இந்தியாவிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிகளாவர். ஆகவே முகாமில் 1987 ஜூன் 30-இற் பிறந்த அக்காள் இந்தியக் குடி. பெற்றோர் இருவரும் அயலாராயின், அடுத்த ஆண்டிற் பிறந்த தங்கை அயல்நாட்டாள்! இருவரும் உண்டது ஒரு கலத்தில். உறங்கியது ஒரு கூரையில். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருத்திக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட, 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்விதியைக் காட்டி அவருக்கு அதனை வழங்குமாறு பணித்தது. 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அஃதோடு, 2004 டிசம்பர் 3-க்குப் பின்னர்ப் பிறந்த குழந்தையின் தந்தை இந்தியக் குடியாயினும், தாய் உரிய சான்றின்றி நாட்டுட் புகுந்தவளாகக் கருதப்படின், அக்குழந்தை பிறப்பாற் குடியாகாது. முன்னர்த் தாயைக் கருதாது விட்டது ஒரு சட்டம். இங்கே தாயைக் குற்றமாகக் கருதுகின்றது மற்றொரு சட்டம். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய மூன்று நாட்டினின்று வந்தாருட் சில சமயத்தார்க்கே வழி திறந்தது. இலங்கை அதிற் சேரவில்லை.

உலகப் பேரவைகளின் பரிந்துரைகள் பல உள. குடியிலார் நிலை பற்றி 1954-இலும், குடியின்மையைக் குறைத்தல் பற்றி 1961-இலும் உடன்படிக்கைகள் எழுந்தன. ஒரு நாட்டு மண்ணிற் பிறந்த குழந்தை வேறெந்நாட்டிற்கும் குடியாகாதெனின் பிறந்த நாடே அதனை ஏற்றல் வேண்டும் என்பது பின்னதன் சாரம். இவ்விரண்டிலும் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. ஆயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குடியுரிமை பெறும் உரிமை உண்டென்னும் குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1979-இலும், குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-இலும், பிள்ளைகளின் குடியுரிமையிற் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒப்புரிமை கூறும் பெண்கள் உடன்படிக்கையை 1993-இலும் ஏற்றது. ஆகலின் நாம் வேண்டுவது புதியதொரு வரமன்று. ஏற்றுக்கொண்ட சொல்லைக் காத்தலே.

எதிர்ப்போர் கூறுவன இரண்டு. இவர்க்குக் குடியுரிமை தரின் எல்லையில் மேன்மேலும் மக்கள் வந்து குவிவர் என்பது ஒன்று. இம்மக்கள் நாற்பது ஆண்டுகளாகப் பெயர் பெயராகப் பதிவு செய்யப்பெற்று வருவோர். எண்ணி முடிந்த தொகையினர். அவர்க்குத் தருதல் எண்ணற்ற பிறர்க்குக் கதவு திறத்தலாகாது. இங்கே குடியாயின் இலங்கையில் அவர்க்குள்ள உரிமை மங்கும் என்பது மற்றொன்று. இது சிந்திக்கத்தக்கது. மீண்டு செல்ல விழைவோரும் முகாம்களில் உளர். ஆதலினாலேதான் எவரையும் கூட்டமாகக் கொண்டு முடிவு செய்தலாகாது என்கின்றோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவுக. செல்ல விரும்புவோர்க்குச் சான்றும் பாதுகாப்பும் தந்து அனுப்புக. இங்கே பிறந்து இங்கேயே வாழ விரும்புவோர்க்கு இங்கே குடியுரிமை தருக. 1964-இற் கேளாது விட்ட வினாவை இன்றேனும் கேட்டல் வேண்டும்.

சிலப்பதிகாரத்திற் கண்ணகி பாண்டியன் அவையிற் புகுந்தபொழுது, தான் சோணாட்டுப் புகாரில் தோன்றியவள் என்றே கூறினாள். அயல்நாட்டாள் என்பதனால் அவள் வழக்கு தள்ளப்படவில்லை, அரசன் கேட்டான், தன் பிழையுணர்ந்து உயிரும் நீத்தான். விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் வேறொரு காட்சி உண்டு. பவுலைச் சவுக்கால் அடிக்க வாரினாற் கட்டிய வேளையில், தாம் ரோமக் குடி என அவர் கூறினார். அடிக்க வந்தவர் அஞ்சி விலகினர். குடியுரிமை என்னும் ஒரு சொல் சவுக்கை நிறுத்திற்று. அச்சொல்லைக் கூறமாட்டாதார் முதுகில் அது விழுந்திருக்கும் என்பதும் அக்கதையிலேயே பெறப்படும். குடியோ அயலோ என வினவாது நீதி வழங்கும் உலகம் வருங்காறும் காத்திருத்தல் நன்றே. ஆனால் நாம் வாழும் உலகம் பவுலின் ரோமையே ஒத்தது. இவ்வுலகிற் குடியுரிமை அணிகலனன்று, கவசம். கவசமின்றி ஒரு குழந்தையும் பிறத்தலாகாது.

மாணவ நண்பர்களே, சட்டம் இயற்றுதல் நம் கையில் இல்லை. ஆயினும் நம்மால் இயல்வன சில உண்டு. முகாம்களிற் பிறந்தோர் தம் பிறப்புச் சான்றினையும், பெற்றோர் பாட்டன்மார் பற்றிய ஆவணங்களையும் தேடித் திரட்டுதற்கு எழுத்தறிந்த நாம் துணைபுரியலாம்; பழைய தோட்டத்துத் தாள் ஒன்று ஒரு குடும்பத்தின் வழக்கை நிலைநிறுத்தவும் கூடும். முதியோர் நினைவிலுள்ள ஊர்ப்பெயர்களையும் தோட்டப்பெயர்களையும் அவர் மறையுமுன் எழுதிவைக்கலாம். நம் மாணவர் மன்றங்களில் இவ்வினாவைச் சொற்போருக்கு எடுக்கலாம். வாக்குக் கேட்டு வருவாரிடம் இதுபற்றி வினவலாம். வாக்கு உடைய நாம் வினவாவிடின், வாக்கு இல்லாத அவர் வினவுதல் எங்ஙனம்?