தங்கை மகளுக்கு ஒரு முதல் கார்

"மச்சான், ஞாயித்துக்கிழமை வேலை இல்லேன்னா கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பிள்ளைக்குக் காடி பார்க்கணும்."

ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்டும் என் தங்கை கணவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று யோசனைகள்.

மகளுக்கு வயது 19. டுரியான் துங்கலில் உள்ள யூடெம் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா படிக்கிறாள். இரண்டாம் ஆண்டிலிருந்து வீட்டிலிருந்தே போய்வரப் போகிறாள். அப்பாவின் யோசனை: பழைய மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகட்டும், இல்லையென்றால் கூட வேலை செய்பவர் விற்கும் பழைய கஞ்சிலை வாங்கிக் கொடுக்கலாம். அம்மாவின் யோசனை: மோட்டார் மட்டும் வேண்டாம். மகளின் யோசனை கைப்பேசியிலேயே தயாராக இருந்தது. பளபளக்கும் வெள்ளைக் கார், பெரிய ரிம், கறுப்புக் கண்ணாடி.

"முன்பணமே வேணாம் மாமா. மாசம் 450 வெள்ளி கட்டினாப் போதும். சம்புங் பாயார்."

கையில் இருந்தது 16,000 வெள்ளி. பத்து வருடம் தொழிற்சாலையில் என் தங்கை ஓவர்டைம் செய்து சேர்த்த பணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கணக்கு இன்று எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

மோட்டார் வேண்டாம் என்று தாய் சொன்னால்

நம் தோட்டப் பிள்ளைகள் பெரும்பாலும் மோட்டாரில்தான் ஓட்டப் பழகுகிறார்கள். 16 வயதில் மோட்டார் லைசென்ஸ், 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். மோட்டார் மலிவு, எண்ணெய்ச் செலவு குறைவு, நிறுத்த இடம் தேட வேண்டாம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதும் உண்மை. தினமும் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்வர வேண்டிய ஒரு பிள்ளைக்கு இதை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"நான் முப்பது வருசமா மோட்டர்லதான் போறேன்" என்றார் மச்சான். என் தங்கை ஒன்றும் பேசவில்லை. போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவனின் கருமக்கிரியைக்குப் போய் வந்தவள் அவள். மச்சானும் அதற்கு மேல் பேசவில்லை.

சம்புங் பாயார் என்னும் பொறி

மகளின் வெள்ளைக் காருக்கு வருவோம். தவணையில் வாங்கிய கார், கடன் தீரும் வரை வங்கிக்குச் சொந்தம். வாங்கியவர் கட்ட முடியாமல் இன்னொருவரிடம் 'நீ தொடர்ந்து கட்டு' என்று வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவதுதான் சம்புங் பாயார். இது சட்டத்துக்குப் புறம்பானது. காரும் கடனும் அவர் பெயரில், பணம் மட்டும் நம் கையிலிருந்து. நாம் கொடுக்கும் 450 வெள்ளியை அவர் வங்கியில் கட்டாவிட்டால், ஒரு நாள் கல்லூரி வாசலிலேயே காரை இழுத்துக்கொண்டு போவார்கள். விபத்து நடந்தால் காப்புறுதியில் பிரச்சினை. ஐந்து வருடம் கட்டி முடித்தாலும் பெயர் மாற்றித் தருவாரா என்பது அவர் மனத்தைப் பொறுத்தது.

இதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்ப புதுக் காடியே லோன்ல எடுத்தா?" என்றாள்.

கணக்குப் போட்டோம். 20,000 வெள்ளிக் கடன், வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, காலம் 9 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நிலையான வட்டிக் கணக்கில் வட்டி மட்டும் 7,200 வெள்ளி. மாதத் தவணை சுமார் 252. அதையே 5 ஆண்டில் கட்டினால் வட்டி 4,000, தவணை 400. மாதத் தொகை சின்னதாகத் தெரிவதால்தான் எல்லோரும் 9 ஆண்டு என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

"உனக்கு இப்ப 19. கட்டி முடிக்கும்போது 28" என்றேன். அவள் மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன். பிடிபிடிஎன் பணம் படிப்புக்கு. அதைக் காராக மாற்றினால் படிப்பு முடியும்போது பிள்ளையின் தலையில் இரண்டு கடன்.

மலாக்காவில் மோதிப் பார்க்கிறார்கள்

அப்பாவின் கஞ்சில் யோசனைக்கு நான் உடனே தலையாட்டவில்லை. 1994-இல் வந்த கஞ்சில் நம் குடும்பங்களுக்குச் செய்த நன்மை கொஞ்சமல்ல. எத்தனை பேரைத் தீபாவளிக்கு ஊருக்கு ஏற்றிச் சென்றிருக்கும்! ஆனால் அதில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் பிரேக் இல்லை. புதிதாக ஓட்டுபவர்தான் அதிகம் தவறு செய்வார். தவறு செய்பவரைக் காப்பாற்றும் கார்தான் அவருக்கு வேண்டும்.

எது காப்பாற்றும் என்று எப்படித் தெரியும்? ஆசியான் என்கேப் என்ற அமைப்பு கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறது. மைரோஸ் எனப்படும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தின் மோதல் சோதனைக் கூடம் நம் மலாக்காவிலேயே இருக்கிறது. காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து, முன்பக்கத்தின் 40 விழுக்காடு தடுப்பில் இடிக்கும்படி மோதவிடுவார்கள். உள்ளே இருக்கும் பொம்மைகளுக்கு என்ன அடி விழுந்தது என்று அளப்பார்கள். 2013-இலிருந்து முடிவுகள் வெளியாகின்றன; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஒரே மாடலில் எல்லாக் காரும் ஒன்றல்ல. 2016-இல் வந்த பெசாவில் விலை உயர்ந்த அட்வான்ஸ் வகைக்கு 5 நட்சத்திரம், மற்றவற்றுக்கு 4. இரண்டாவது, சோதனை விதிகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. 2014-இன் 5 நட்சத்திரமும் இன்றைய 5 நட்சத்திரமும் சமமல்ல.

நட்சத்திரத்தோடு நான் தேடச் சொல்வது ஈஎஸ்சி என்ற ஒன்றை. சில கார்களில் இதற்கு விஎஸ்சி என்று பெயர். ஈரச் சாலையில் கார் வழுக்கித் திரும்பப் பார்த்தால், எந்தச் சக்கரத்தை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அதுவே முடிவெடுத்து பிரேக் போட்டு நேராக்கும். சாயங்கால மழை, தோட்டத்துச் செம்மண் ஒட்டிய டயர், தார்ச்சாலை வளைவு: நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி கிடையாது. 2018 ஜூனிலிருந்து நம் நாட்டில் அறிமுகமாகும் புதிய மாடல் கார்களுக்கு இது கட்டாயம். அதற்கு முந்தியவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். 2017 இறுதியில் வந்த மைவியில் எல்லா வகையிலும் உண்டு. 2014-இல் வந்த புரோட்டோன் ஐரிஸிலும் எல்லா வகையிலும் உண்டு. இரண்டுமே 5 நட்சத்திரம் வாங்கியவை. மைவிக்கு எப்போதும் கிராக்கி, பழைய காராகவும் விலை இறங்காது. ஐரிஸ் அப்படி இல்லை. 16,000 வெள்ளியோடு தேடுபவருக்கு அதுதான் வாய்ப்பு.

வாங்கும் பணம், வைத்திருக்கும் பணம்

கையில் பத்து வெள்ளி இருந்தால் எட்டு வெள்ளிக்குத்தான் கார் பார்க்க வேண்டும். மீதி இரண்டு, காப்புறுதிக்கும் டயருக்கும் பேட்டரிக்கும்.

சாலை வரி பயமுறுத்தாது. 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,201 முதல் 1,400 சிசி வரை 70, 1,401 முதல் 1,600 வரை 90. பெரிய செலவு காப்புறுதி. விபத்துக் கோரல் இல்லாதவருக்குக் கிடைக்கும் என்சிடி கழிவு முதல் ஆண்டில் கிடையாது. அடுத்த ஆண்டு 25 விழுக்காடு, அப்படியே ஏறி ஐந்து ஆண்டுக்குப் பிறகு 55 விழுக்காடு. கோரல் செய்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. அதனால் பிள்ளைக்கு 18 வயது ஆகியிருந்தால் காரை அவர் பெயரிலேயே பதியுங்கள் என்பேன். கழிவும் அவர் பெயரில் வளரும், சம்மனும் அவர் பெயரில் வரும். இரண்டுமே நல்ல ஆசிரியர்கள்.

21 வயதுக்குக் கீழ் உள்ளவரோ பி லைசென்ஸ் வைத்திருப்பவரோ ஓட்டி மோதினால், பழுதுச் செலவில் முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்து போகும். வெள்ளச் சேதம் அடிப்படைக் காப்புறுதியில் அடங்காது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் மறக்க வேண்டாம்.

பார்க்கப் போன நாட்கள்

இளவயதில் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஒரு கார் வாங்கி, முதல் மழையிலேயே கால் நனைந்தவன் நான். அதனால் இந்த முறை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனோம். அவருக்குக் கொடுத்த 150 வெள்ளி எங்கள் செலவிலேயே சிறந்த செலவு.

முதல் காரில் அவர் எஞ்சினைத் திறக்கக்கூட இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். அடிப்பகுதியில் சேற்றுக் கறை. "வெள்ளத்துல கெடந்தது" என்று இறங்கிவிட்டார். இரண்டாவது காரில் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரியவே இல்லை. எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பை வெடித்து முடிந்த காரில் விளக்கை மறைத்திருக்கலாம் என்றார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களையும் காட்டினார். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூவெல்லாம் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதானது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பழைய ஜப்பானியக் கார் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் சிதறி உலகெங்கும் பலர் இறந்தார்கள். 2014-இல் சிபுவில் பழைய ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணி ஒருவரும் அப்படித்தான் இறந்தார். அந்தப் பையை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். சேஸி எண்ணைக் கொடுத்து, மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஞாயிறு கிடைத்தது எங்கள் கார். 2015-ஆம் ஆண்டு ஐரிஸ் 1.3, மேனுவல் கியர், ஒரே உரிமையாளர், சர்வீஸ் புத்தகம் பக்கம் பக்கமாக முத்திரையோடு. நிறம் சாம்பல். மகள் கேட்டது வெள்ளை. புஸ்பாகோமில் பி5 பரிசோதனை முடிந்து, எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் பணம் கை மாறியது.

ஓட்டுவதில் உள்ள சந்தோஷம்

முதல் கார் பாதுகாப்பாக மட்டும் இருந்தால் போதாது. பிள்ளைக்குப் பிடிக்கவும் வேண்டும். பிடிக்காத காரை யாரும் கழுவமாட்டார்கள், எண்ணெய் மாற்றமாட்டார்கள். சின்ன கார், மேனுவல் கியர், வளைவில் ஒட்டிப் போகும் ஸ்டீயரிங்: இது இளைஞர்களுக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியை ரிம் கொடுக்காது. நல்லவேளையாக மச்சான் பிடிவாதமாக மேனுவல் லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தார். டிஏ லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் ஆட்டோ கார் மட்டுமே ஓட்ட முடியும். கார் பார்க்கும் முன்பே அதைக் கவனியுங்கள்.

ஜாசினிலிருந்து பெம்பான் போகும் பழைய சாலையில் அவளை ஓட்டவிட்டோம். இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாவது கியரில் ஒரு வளைவை எடுத்து வெளியே வந்தபோது சிரித்தாள். வெள்ளைக் காரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

வீட்டில் மூன்று விதிகள் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்தவரும் பெல்ட் போட்ட பிறகுதான் கார் நகரும். முதல் ஆறு மாதம் இரவு 11 மணிக்கு மேல் ஓட்டம் இல்லை, நண்பர்கள் கூட்டத்தை ஏற்றுவதும் இல்லை; புதிய ஓட்டுநருக்கு ஆபத்து கூடுவது அந்த இரண்டிலும்தான். பெட்ரோல் செலவு அவளுடையது. வார இறுதியில் பகுதி நேர வேலைக்குப் போகிறாள். நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதுகிறாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். 'பி' ஸ்டிக்கரை மச்சானே ஒட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழைநாள் சாயங்காலம் அவளிடமிருந்து அழைப்பு. குரல் நடுங்கியது.

"மாமா, ஏஎம்ஜேல முன்னால போன லாரி திடீர்னு பிரேக் போட்டுச்சு. நானும் அழுத்தி ஓரமாத் திருப்பினேன். காடி ஆடுச்சு. மீட்டர்ல ஒரு மஞ்ச லைட் மின்னி மின்னி நின்னுருச்சு. ஏதும் கெட்டுப் போச்சா மாமா?"

"காடி எங்க நிக்குது?"

"பெட்ரோல் நிலையத்துல. ஒரு கீறல் இல்ல."

"கெட்டுப் போகலம்மா. அது வேலை செஞ்சிருக்கு. கொஞ்ச நேரம் உட்காரு, ஏதாவது குடிச்சிட்டு மெதுவா வீட்டுக்குப் போ" என்றேன்.

அன்று இரவு மச்சான் கூப்பிட்டார். "மச்சான், அந்த மஞ்ச லைட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம்?" என்று கேட்டார். தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை, பார்த்து வாங்கினோம், அவ்வளவுதான் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தம்பி மகனுக்கும் அடுத்த வருடம் கார் பார்க்க வேண்டும், வருவீர்களா என்றார்.