கலையும் இடமும் கல்வியும்

கல்லிலே உருவஞ் செதுக்குதலும் துணியிலே வண்ணந் தீட்டுதலுமே கலையென நெடுங்காலமாக எண்ணி வந்தோம். சிற்பம் பீடத்தில் நிற்பது. ஓவியம் சட்டத்துள் அடங்குவது. காண்போன் எதிரே நின்று வியப்பவன். இவ்வெண்ணத்தைக் கடந்து, காண்போன் நிற்கும் இடத்தையே கலைப்பொருளாகக் கொள்ளும் ஒரு நெறி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேனாடுகளில் வேரூன்றி வளர்ந்தது. அறை, தெரு, வீடு, சதுக்கம், மதில், வாயில் என்பனவும், அவற்றினூடே மனிதர் நடப்பதும் தங்குவதும் தடுக்கப்படுவதும் அந்நெறிக் கலைஞர்க்குக் களிமண்ணும் வண்ணமும் ஆகின்றன. இன்று பல்கலைக்கழகங்கள் சில இதனைத் தனிப் பாடநெறியாகவே கற்பிக்கின்றன. தமிழில் இதனை 'இடவெளிப் பயில்வு' எனலாம். எம் மாணவர் இதனைக் கற்பது பயனுடைத்தோ, அன்றோ என்பதே ஈண்டு ஆராயப் புகுவது. பயனுடைத்து என்பதே என் துணிபு.

இடத்தைப் பற்றிய சிந்தனை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். மலைச்சாரல் கூடலுக்கும் கடற்கரை இரங்கலுக்கும் உரியனவாயின. நிலம் அங்கே வெறும் பின்னணியன்று. உணர்வு பிறப்பதற்கே அது முதல். ஆயினும், இஃதொன்றைக் கொண்டு 'எல்லாம் எம்மிடம் முன்னரே உண்டு' என இறுமாத்தல் தகாது. திணை பாடலுக்கு இலக்கணம் வகுத்தது. நகரத்துச் சதுக்கம் எவருக்கு உரியது, அதன் அமைப்பை வகுப்போர் எவர் என்னும் வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இவ்வினாக்களை விரித்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு அறிஞர் ஆன்றி லெபெவ்ர். இடம் என்பது பொருள்களை இட்டுவைக்கும் வெற்றுக் கொள்கலம் அன்று, சமுதாயம் தன் உழைப்பாலும் அதிகாரத்தாலும் பழக்கத்தாலும் ஆக்கிக்கொள்வது என்பதை 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார்.

கொள்கையினும் எடுத்துக்காட்டு தெளிவு தரும். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே வரிசை வீடுகள் இடிக்கப்பட, எஞ்சி நின்ற ஒரு வீட்டை றேச்சல் வைற்றீட் என்னும் பெண்மணி தெரிந்தெடுத்தார். அதன் உட்புறத்தைக் கொங்கிறீற்றால் வார்த்து, பின்னர் வெளிச்சுவர்களைப் பெயர்த்து அகற்றினார். எஞ்சியது வீடன்று, வீட்டினுள் இருந்த வெளி, கல்லாய் உறைந்து நின்றது. அடுப்பங்குழிகள் புறத்தே புடைத்து நின்றன; யன்னல்கள் குருடாயின. 1993 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவுற்ற அவ்வாக்கம் அவ்வாண்டிற்குரிய ரேணர் பரிசை அவருக்கு ஈட்டித் தந்தது. பரிசு அறிவிக்கப்பட்ட அதே நாளில் உள்ளூராட்சியினர் அதனை இடித்தகற்றத் தீர்மானித்தனர். 1994 சனவரியில் அது தரைமட்டமாயிற்று. வீடு என்பது சுவரோ, சுவரிடையே வாழ்ந்த வாழ்வோ என்னும் வினா மட்டும் இடிபடாது நின்றது.

இந்நெறியில் தோல்வியும் பாடமாகும். நியூயோர்க் நகரில் அரசாங்க அலுவலகங்கள் சூழ்ந்த ஒரு சதுக்கத்தின் குறுக்கே, றிச்சட் செறா என்பவர் 1981 ஆம் ஆண்டில் 120 அடி நீளமும் 12 அடி உயரமுமான வளைந்த உருக்குச் சுவரொன்றை நிறுவினார். அங்கே பணிபுரிந்தோர் பலர், தாம் நாடோறும் சுற்றி நடக்க வேண்டியுள்ளதென முறையிட்டனர். அவ்விடத்திற்கென்றே ஆக்கியதனைப் பெயர்த்தல் அழித்தலேயாம் என்று கலைஞர் வாதிட்டார். 1985 இற் பொது விசாரணை நடந்தது; 1989 இற் சுவர் அகற்றப்பட்டது. கலைஞன் உரிமை பெரிதோ, வழிநடப்போன் உரிமை பெரிதோ? இவ்வினாவுக்கு ஒருவரியில் விடையிறுப்பவன் அதனை விளங்கிக்கொள்ளாதவனே. இரு சாராரையும் செவிமடுத்து ஆராயப் பழகுதல்தான் பல்கலைக்கழகக் கல்வி.

வகுப்பறையிலே பிறந்த ஆக்கம் ஒன்றையும் கூறுவேன். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கருக்கு வாசிங்டனில் நினைவுச்சின்னம் அமைத்தற்கு 1981 இல் நடந்த போட்டியில் 1,421 வரைவுகள் வந்தன. தெரிவானது, யேல் பல்கலைக்கழகத்தில் இளமாணி வகுப்பிற் பயின்ற மாயா லின் என்னும் 21 வயது மாணவியின் வரைவு. ஈமக் கட்டடக்கலை பற்றிய பாடத்தின் பயிற்சியாக அவர் வரைந்ததே அது. குதிரைமேல் வீரனும் இல்லை, கொடியும் இல்லை. நிலத்தைக் கீறித் தாழ்ந்து செல்லும் கருங்கற் சுவர். அதிலே 58,000 இற்கு மேற்பட்ட பெயர்கள், மாண்ட காலமுறைப்படி. பளபளக்கும் அக்கல்லிலே பெயரைத் தேடும் தாய், பெயரோடு தன் முகத்தையும் காண்கிறாள். தொடக்கத்திலே அதனைக் கடிந்தோர் பலர். 1982 இல் அது திறக்கப்பட்டபின், மக்கள் தாமாகவே மலரும் மடலும் கொணர்ந்து அதனடியில் வைக்கலாயினர். ஒரு மாணவியின் பாடப்பயிற்சி ஒரு நாட்டிற்கு அழுவதற்கோர் இடத்தை அளித்தது. இதனினும் பெரிய பயன் யாது?

அழுவதற்கு இடமின்றித் தவித்தோரை எம் மண்ணும் அறியும். 1981 இல் எரியுண்டு, பின்னர் புதுக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004 ஆம் ஆண்டிலே ஒரு கலைக்கண்காட்சி நடைபெற்றது. அதன் பெயர் 'அகம் புறம்'. எம் இலக்கணம் தந்த இரு சொற்கள், எரிந்து எழுந்த கட்டடத்தின் உள்ளே எத்துணைப் பொருள் பெற்றன என்பதைத் தமிழறிந்தார்க்கு விரித்துரைக்க வேண்டா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலை வரலாறு கற்பித்த தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ஓர் ஆக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. இடம்பெயர்ந்த மக்கள் தாம் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அப்படங்களைக் கொண்டு அது தொகுக்கப்பட்டது. அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் 'முற்றுப்பெறாத தோம்பு' என்பதாகும். அந்நியர் ஆட்சியிலே வரி அறவிடுதற்கு எழுதிய தோம்பு, இங்கே இழந்தவர் கையால் எழுதிய தோம்பாயிற்று. முற்றமும் கிணற்றடியும் சாமியறையும் அளவு தவறியிருக்கலாம்; உரிமை தவறவில்லை.

இனி, எதிர்வாதங்களைக் காண்போம். 'இதைக் கற்றவன் எங்ஙனம் உண்பான்?' என்பர் பெற்றோர். நேரிய வினா. மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் நிகரான வருவாயை இக்கல்வி தருமென்று யான் பொய்யுரை கூறேன். ஆயினும், நூதனசாலை, அரங்க அமைப்பு, நகர ஆக்கம், ஆசிரியத் தொழில் ஆகியன இத்தகைய பயிற்சியை வேண்டுவன. அன்றியும், விருப்பமற்ற பாடத்தில் மும்முறை தோற்று வாடும் பிள்ளையை யாம் வகுப்பறைகளிற் காணாமலில்லை. அப்பிள்ளையின் கையிலுள்ள பென்சிலைப் பறித்தல் சிக்கனம் அன்று.

'கதிரையொன்றை நடுவிலே வைத்துவிட்டுக் கலையென்பர்' என்பது மற்றொரு வாதம். அத்தகைய போலிகள் உண்டு, மறுப்பார் இல்லை. பொய்ப்புலவர் உளர் என்பதற்காக யாப்பைக் கைவிடுவார் உண்டோ? போலியை விலக்குதற்கு வழி கல்வியைத் தடுத்தலன்று, கடுமையாக்குதலே. இந்நெறியிற் புகுவோர் முதலிற் செவ்வையாக வரையவும் அளக்கவும் கற்க வேண்டும். காணியின் வரலாற்றையும் சட்டத்தையும் அறிய வேண்டும். அவ்விடத்தில் வாழ்வாரோடு இருந்து உரையாட வேண்டும். இவற்றோடு, தாம் செய்ததைத் தாய்மொழியிலே தெளிவுற எழுதவும் கற்க வேண்டும். அரைகுறை மொழிபெயர்ப்பில் ஊறிய உரைநடையால் இக்கலைக்கு நேர்ந்த தீங்கு பெரிது. விளங்காமையை ஆழம் என மயங்கும் நிலை நீங்கினால், பொதுமக்களின் ஐயம் பாதி நீங்கிவிடும். இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு.

இறுதியாக, எம் பழைய மாணவரிடத்து ஒரு விண்ணப்பம். விழா வந்துற்றால் பழைய மண்டபத்தை இடித்து மாடிக்கட்டடம் எழுப்புதலே தொண்டெனக் கருதும் வழக்கம் எம்மவரிடை வேரூன்றியுள்ளது. புதிய கட்டடம் வேண்டாம் என்று யான் கூறவில்லை. பிள்ளைகள் பெருகும்போது அறைகளும் பெருகவேண்டும். ஆனால், எந்தச் சுவரிலும் கடப்பாரை படுமுன் உயர்தர வகுப்புச் சித்திர மாணவர் அதனை அளந்து வரையட்டும். எந்த வாங்கில் எவர் இருந்தார், எந்தத் தூணருகே பிந்தி வந்தோர் நிறுத்தப்பட்டனர், எந்த வாயிலால் எவர் நுழையலாம், எவர் நுழைதல் ஒருகாலத்திலே தடுக்கப்பட்டது என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். இன்புறுத்துவதை மட்டுமன்றி, நாணச் செய்வதையும் எழுதட்டும். அவ்வேட்டினை நூலகத்தில் வைத்துப் பேணுவோமாக. அம்மாணவருள் ஒருவரேனும் பல்கலைக்கழகம் புகுந்து இத்துறையைக் கற்க விரும்பின், அவருக்கு உதவிப்பணம் ஈதல் மாடிக்கு மேல் மாடி கட்டுவதினும் தாழ்ந்த அறமன்று. கட்டடங்களை எழுப்புதற்கு எம்மிடம் ஆளுண்டு. அவை எவருக்காக, எதனை மறைத்து எழுகின்றன என்று கேட்கக் கற்றவரே இனி வேண்டப்படுவோர்.