மூன்றரை வயதுக்கு எதற்கு டெஸ்ட்?

கார்த்திகை தீபத் திருவிழாவில் எங்கள் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில் போகும். வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்பில் கட்டிய சேலைத் தூளியில் கிடத்தி, தாயும் தகப்பனும் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றுவார்கள். மூன்று வருடம் போனால் அதே பிள்ளைக்கு ஏபிசிடி எழுத வரவில்லை என்று தொடையில் கிள்ளு விழுகிறது. கேட்டால், "இப்பவே எழுதிப் பழகினாத்தான் ஸ்கூல்ல சேப்பாங்க, டெஸ்ட்டுன்னா பயமும் இருக்காது" என்கிறார்கள்.

முதலில், சேர்க்கை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ம் பிரிவில், பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை அபராதம். சட்டம் 6 வயதுக்கு மேல்தானே, எல்கேஜிக்கு ஏது என்று வாதாடுவார்கள். ஆறு வயதிடம் கேட்கக் கூடாததை மூன்றரை வயதிடம் கேட்கலாமாம். நல்ல வாதம்!

எழுத்துக்கு வருவோம். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. மூன்றரை வயதில் அவற்றில் பாதிக்குக் குறையாமல் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில்தான் பென்சிலைத் திணிக்கிறோம். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி, விரல் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே என்பார்கள். வைக்கலாம், அன்றைக்கு யாரும் மார்க் போடுவதில்லை. பின்லாந்தில் பிள்ளைக்கு 7 வயது ஆகிற வருடம்தான் ஒன்றாம் வகுப்பே.

டெஸ்ட் வைத்து டெஸ்ட் பயத்தைப் போக்குவது என்பதும் விசித்திரமான வைத்தியம். 2019 செப்டம்பரில் 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளை தாங்குமா என்று ஊரே கேட்டது. 2020 பிப்ரவரியில் உத்தரவு ரத்தானது. அன்று கைதட்டியவர்களில் சிலர் வீட்டில்தான் இன்று எல்கேஜி பிள்ளைக்கு ஞாயிறுதோறும் டெஸ்ட் நடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வாண்டு. நூறு வரை ஒப்பிக்கும். பள்ளிக்குப் போன முதல் வாரம் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. மூடியைத் திறக்கத் தெரியவில்லை. திறந்து தாங்க என்று மிஸ்ஸிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அதன் ஆயா அன்று சாயங்காலமே வாசற்படியில் உட்கார்ந்து, டப்பாவில் பொட்டுக்கடலையைப் போட்டு இறுக மூடி, "தொறந்து துன்னு" என்று நீட்டினாள். விளிம்பில் நகத்தைக் கொடுத்துக் கட்டைவிரலால் நெம்ப மூன்று நாள் ஆயிற்று. அப்புறம், "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொல்லப் பழக்கினாள். பள்ளிக்கான தயாரிப்பு என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

கடைசியாக, பள்ளியில் விடும்போது பிள்ளை அசந்த நேரம் பார்த்து நழுவிவிடுங்கள் என்றொரு உபதேசம். நழுவினால், அடுத்த நாள் அது உங்கள் சேலையை விடாது. "பெல் அடிச்சதும் கேட்டாண்ட நிப்பேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி நில்லுங்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது. அன்றைக்கு மட்டும் அரை மணி முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.