பேய் இருக்கு... வாடகை கம்மி!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போச்சு? சரி, அரியர் கணக்கை அப்புறம் எண்ணலாம். இந்த வாரம் உங்களுக்கு ஒரு பேய்க் கதை. 'பீலா விடுறான்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். ஏரியாவே 'பேய் வீடு'ன்னு கைகாட்டுற ஓர் அபார்ட்மென்ட்லதான் நான் எட்டு மாசமா குடியிருக்கேன். இதைக்கூட அந்த வீட்டு ஹால்ல உட்கார்ந்துதான் எழுதிட்டிருக்கேன்!

சென்னையில பேச்சுலர்ஸா வீடு தேடியிருக்கீங்களா? தேடினவங்களுக்குத் தெரியும், பேயே தேவலைன்னு. "ஃபேமிலிக்கு மட்டும்தான் தம்பி", "நான்வெஜ் சமைப்பீங்களா?", "ஃப்ரெண்ட்ஸ் வருவாங்களா?", "அப்பா என்ன வேலை?"ன்னு, பொண்ணு கேட்டுப் போன மாதிரி ஆயிரம் கேள்வி. ஹாஸ்டல் சாம்பார்கிட்ட இருந்து தப்பிச்சு வந்த நாங்க மொத்தம் நாலு பேர். மெக்கானிக்கல் படிக்கிற திருச்சி, சிவில் படிக்கிற கோவில்பட்டி, ஐ.டி. படிக்கிற சேலம், ஈ.சி.ஈ. படிக்கிற அடியேன். பதினோரு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. பன்னிரண்டாவது வீடு கோடம்பாக்கத்துல, மூணாவது மாடி. ரெண்டு பெட்ரூம், நல்ல காத்து. கீழ் வீட்டுக்கு வாடகை 22 ஆயிரம். எங்களுக்கு 13 ஆயிரம்!

"ஏன் சார் இவ்வளவு கம்மி?"ன்னு சேலம் கேட்க, புரோக்கர் சுவரைப் பார்த்துக்கிட்டே, "ஓனர் நல்ல மனுஷன்"னார். நிஜக் காரணம் சாமான் இறக்கும்போது தெரிஞ்சுது. வாட்ச்மேன் அண்ணன் மெதுவா பக்கத்துல வந்து, "தம்பிங்களா, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பார்க்காதீங்க. அந்தம்மா அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிடும்"னார். எந்த அம்மான்னு கேட்கிறதுக்குள்ள ஆள் எஸ்கேப்.

இஸ்திரி வண்டிக்காரர் இன்னும் டீடெயிலா சொன்னார். எங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு ஃபேமிலியும் மூணு மாசம்கூடத் தாங்கலையாம். தண்ணி கேன் போடுறவரோ வாசல்லயே கேனை வெச்சுட்டு ஓட்டம்.

இவ்வளவையும் கேட்டுட்டு முதல் ராத்திரி நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? லேப்டாப்ல 'யாவரும் நலம்' போட்டுப் பார்த்தோம். 2009-ல வந்த மாதவன் படம். 13பி-ங்கிற அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோற குடும்பத்தை, டி.வி. சீரியல் வழியா ஆவிகள் ஆட்டிவைக்கிற கதை. முடிச்சுட்டு லைட்டை அணைச்சா... சரியா 2.10-க்கு பாத்ரூம் சுவர்ல 'டொக்... டொக்... டொக்...' யாரோ விரலை மடக்கித் தட்டுற மாதிரி. போகப்போகச் சத்தம் குறைஞ்சு நின்னுடுச்சு. கோவில்பட்டி கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பிச்சான். பாதியில மறந்துபோய், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சான்.

நாலாவது நாள் என் டர்ன். விடியக்காலையில முழிப்பு வந்துச்சு. கை, கால் அசையலை. நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க. கத்தப் பார்க்கிறேன், குரல் வரலை. கட்டில் ஓரத்துல கறுப்பா ஓர் உருவம் வேற!

காலையில திருச்சி டீ கிளாஸோட உட்கார்ந்தான். "மச்சி, 13 ஆயிரம் ரூபா வீட்டை பேய்க்காக விட முடியாது. ஒண்ணொண்ணா பார்ப்போம்"னான். அப்போ ஆரம்பிச்சதுதான் எங்க ஆராய்ச்சி.

முதல்ல என் நெஞ்சு மேல உட்கார்ந்தவர். நம்ம ஊர்ல பாட்டிங்க இவரை 'அமுக்குவான் பேய்'னு சொல்வாங்க. டாக்டர்கள் கொடுக்கிற பேர் ஸ்லீப் பராலிசிஸ். கனவு வர்ற தூக்கத்துல மூளை நம்ம தசைகளை லாக் பண்ணி வெச்சுடும். இல்லைன்னா கனவுல ஓடுறவன் நிஜமாவே எந்திரிச்சு ஓடுவானே! சில சமயம் நாம முழிச்சுக்குவோம், ஆனா லாக் ரிலீஸ் ஆகியிருக்காது. கனவும் பாதி ஓடிட்டிருக்கும். அதான் உருவம், நெஞ்சு பாரம் எல்லாம். சரியா தூங்காதவங்களுக்கும் மல்லாந்து படுக்கிறவங்களுக்கும் இது அதிகமா வரும். நான் மூணு ராத்திரி தூங்காம, மல்லாந்து படுத்து விட்டத்தையே பார்த்துட்டிருந்தவன். கேஸ் குளோஸ்!

அடுத்து சேலம் ஒரு சூப்பர் மேட்டர் பிடிச்சான். இங்கிலாந்துல விக் டாண்டின்னு ஓர் எஞ்சினீயர். அவர் வேலை பார்த்த லேப்ல ஒரு ராத்திரி தனியா இருக்கும்போது உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணுல சாம்பல் நிறத்துல ஓர் உருவம் தெரிஞ்சுது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான கத்தியை அங்கே வைஸ்ல மாட்டினா, அது தானா அதிருது! தேடிப் பார்த்தா, புதுசா மாட்டின எக்ஸாஸ்ட் ஃபேன்லேர்ந்து சுமார் 19 ஹெர்ட்ஸ்ல அலை வருது. நம்ம காதுக்குக் கேட்காத இன்ஃப்ராசவுண்ட். ஃபேனைச் சரி பண்ணதும் பேய் காலி. 1998-ல இதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே எழுதினார் மனுஷன்.

'ஆஹா, எல்லாம் ஃபேன்தான்'னு குதிக்காதீங்க. லண்டன்ல இன்னொரு குரூப் ஒரு ஸ்பெஷல் ரூமைக் கட்டி, 79 பேரை ஆளுக்கு 50 நிமிஷம் உள்ளே அனுப்பினாங்க. சிலருக்கு இன்ஃப்ராசவுண்ட், சிலருக்கு மின்காந்தப் புலம், சிலருக்கு எதுவுமே கிடையாது. 'விநோதமா ஏதாவது தோணலாம்'னு எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லியாச்சு. ரிசல்ட்? மெஷினை ஆன் பண்ணாலும் பண்ணாட்டியும், நிறைய பேர் 'ஏதோ தோணுச்சு'ன்னு சொன்னாங்க. 2009-ல வெளியான இந்த ஆய்வு சொன்ன சிம்பிளான விளக்கம், 'சொல்லி வெச்சதாலதான்'. நம்ம வாட்ச்மேன் அண்ணன் பண்ணதும் அதேதான்.

நடுவுல ஒரு சீரியஸ் விஷயம். 1921-ல அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒண்ணுல ஒரு கேஸ் பதிவாகியிருக்கு. பழைய வீட்டுக்குக் குடிபோன குடும்பத்துக்குத் தலைவலி, காலடிச் சத்தம், உருவங்கள். கடைசியில பார்த்தா வீட்டைச் சூடாக்குற அடுப்புலேர்ந்து கார்பன் மோனாக்சைடு கசிவு! நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்னுடும். உங்க ரூம் பாத்ரூம்ல கேஸ் கீஸர் இருக்கா? காத்து வர்ற வழி அடைச்சிருக்கா? உடனே திறந்து விடுங்க. எங்க வீட்டு வென்டிலேட்டரை யாரோ அட்டை வெச்சு அடைச்சிருந்தாங்க. அதைப் பிய்ச்சு எறிஞ்சதுதான் நாங்க பண்ண முதல் பேயோட்டல்.

மிச்சம் இருந்தது அந்த 2.10 'டொக் டொக்'. திருச்சி ரெண்டு ராத்திரி மொட்டை மாடியில காவல் இருந்து கண்டுபிடிச்சான். கீழே சம்ப்லேர்ந்து ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டார், ஆட்டோமேட்டிக். டேங்க் நிறைஞ்சதும் பட்டுன்னு நிக்கும். மேலே போன தண்ணி திரும்பப் பார்க்கும், வால்வ் படார்னு மூடும். அந்த அழுத்தம் அலையா பைப்ல மேலயும் கீழயும் போய் வரும். எங்க பாத்ரூம் சுவருக்கு வெளியில பைப்பைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் லூஸ். அதான் ஒவ்வோர் அலைக்கும் ஒரு 'டொக்'. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல இதுக்குப் பேர் வாட்டர் ஹேமர். எக்ஸாம்ல சாய்ஸ்ல விட்ட சேப்டர், வீட்டுல வந்து தட்டியிருக்கு!

திருச்சிக்குத் தலைகால் புரியலை. காரிடார்ல வாட்ச்மேன் அண்ணனை நிக்க வெச்சு கிளாஸ் எடுத்தான். அப்போ பக்கத்து வீட்டு கிரில் கதவு திறந்துச்சு. அங்கே தனியா இருக்கிற தாத்தா. ரயில்வேயில ரிட்டயர் ஆனவர், வயசு 78, பசங்க வெளிநாட்டுல. எங்ககிட்ட அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

"தம்பி, அந்தச் சத்தம் மோட்டார்தானா? நிச்சயமா?"

"நிச்சயமா தாத்தா!"

அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்னார். அப்புறம்தான் 'அந்தம்மா' யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் நாங்க கேட்கவே இல்லைங்கிறதும் அப்போதான் உறைச்சுது.

அவங்க ஒரு கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகி எங்க வீட்டுல தனியா இருந்தவங்க. "மூணு வருஷம் ஆச்சு தம்பி. நல்ல மழை. வாசல்ல மாட்டின பையில பால் பாக்கெட் சேர்ந்துக்கிட்டே போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நானும் பார்த்தேன். ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். நாலாவது நாள்தான் பூட்டை உடைச்சாங்க. பாத்ரூம்ல விழுந்து கிடந்தாங்க..." அப்படியே நிறுத்தினார். "முதல் நாள் ராத்திரி அந்தச் சுவர்ல டொக் டொக்னு கேட்டுச்சு. மோட்டார்னு திரும்பிப் படுத்துட்டேன். அதான் கேட்கிறேன். அன்னிக்கும் அது மோட்டார்தானே?"

எதுக்கும் பதில் வெச்சிருக்கிற திருச்சி அப்படியே நின்னுட்டான். ரொம்ப நேரம் கழிச்சு, "தினமும் வர்ற சத்தம் மோட்டார்தான் தாத்தா. அன்னிக்கு என்னன்னு எனக்குத் தெரியலை"ன்னான். தாத்தா தலையாட்டிட்டு உள்ளே போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி எங்களுக்குள்ள பெரிய சண்டை. "ஆமான்னு சொல்லியிருந்தா உனக்கு என்னடா குறைஞ்சிருக்கும்?"னு கோவில்பட்டி எகிறினான். "தெரியாததைத் தெரியும்னு எப்படிடா சொல்றது?"ன்னு திருச்சி. யார் சொன்னது சரின்னு எனக்கு இப்பவும் தெரியலை. நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

ஜப்பான்ல இந்த மாதிரி வீடுகளுக்கு 'ஜிகோ புக்கென்'னு தனிப் பேரே இருக்கு. கொலை, தற்கொலை நடந்த வாடகை வீடுன்னா சுமார் மூணு வருஷத்துக்குப் புதுசா வர்றவங்ககிட்ட சொல்லணும்னு 2021-ல அந்த அரசாங்கமே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. வயசாகியோ, நோய்லயோ இறந்தா பொதுவா சொல்ல வேண்டாம். ஆனா தனியா இறந்து, ரொம்ப நாள் கழிச்சுத் தெரிஞ்சு, வீட்டை ஸ்பெஷலா சுத்தம் பண்ண வேண்டி வந்திருந்தா, அதையும் சொல்லணும். இறந்ததைவிட, யாருக்கும் தெரியாம கிடந்ததுதான் அங்கேயும் பயமா இருக்கு.

எங்க பில்டிங்கும் அப்படித்தான். 'பேய் நடக்குது'ன்னு சொல்றது ஈஸி. 'நாலு நாள் யாரும் கதவைத் தட்டலை'ன்னு சொல்றதுதான் கஷ்டம்.

மறு வாரம் ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கினோம். விலை 450 ரூபா. ஸ்விட்ச் தாத்தா கட்டில் பக்கத்துல, பெல் எங்க ஹால்ல. "நான் என்ன பேஷன்ட்டா?"ன்னு முறைச்சார். சேலம்தான் கெஞ்சிக் கூத்தாடி மாட்டிட்டு வந்தான். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு பெல் அலறுது! நாலு பேரும் விழுந்தடிச்சு ஓடினோம், திருச்சி துண்டோட. தாத்தா கூலா சொன்னார்: "வேலை செய்யுதான்னு பார்த்தேன். செய்யுது. போய்ப் படிங்கடா."

கிளாம்ப்பை டைட் பண்ணியாச்சு. இப்போ 2.10-க்கு சத்தமே இல்லை. பேய் போயிடுச்சுன்னு மட்டும் ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க மக்களே, வாடகை ஏறிடும்!

அப்புறம், உங்க ரூமுக்குப் பக்கத்து வீட்டுல யார் இருக்காங்க? பேர் தெரியுமா? தெரியலைன்னா இந்த வாரம் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!